ஜன்னல் வழியே வந்த சீனி

வாயைத் திறக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முகம்தான். நெற்றியில் வேர்வை காயாமல் இருக்கும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருப்பார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் பிறந்த பிள்ளை கத்திக்கொண்டிருக்கும். அந்த வீட்டு ஆள் யாராவது ஒரு சிட்டிகைச் சீனியோடு முன்னால் வந்து நின்றால், இவர் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறப்பார். சீனி நாக்கில் விழுந்ததும் விழுங்கிவிட மாட்டார். அது தானாகக் கரையும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். அதுவரை அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

ஊருக்கு அவர் மிசியம்மா. நர்ஸ், மருத்துவச்சி எல்லாரையுமே அப்போது சிங்கப்பூரில் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் வயதில் பெரியவர் என்பதால் கூடவே ஓர் அம்மா. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கேயும் அது இல்லாமலே போகட்டும்.

ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டிலும் அதைச் சுற்றியிருந்த சந்துகளிலும் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கிறவர் அவர். லைசென்ஸ் உண்டு. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைத் தூணில் சின்னதாக ஒரு போர்டும் உண்டு. நான் மலாயாவில் சிரம்பானிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடியில் அடுத்த அறை அவருடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தூக்கத்தில் புரள்வது எனக்குக் கேட்கும், நான் என் வீட்டுக்காரரை ஏசுவது அவருக்குக் கேட்கும். எனக்கு அந்த வயதில் வாய் கொஞ்சம் நீளம். வார்டில் எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த மாடியை இப்போது நினைத்தால் எல்லாம் ஒரு மதிய மழைக்குள் நடந்தது போலவே தோன்றுகிறது. கீழே மாவு அரைக்கிற மிஷின் சத்தம், ஈர மாட்டுச் சாணத்தின் வாசம், மல்லிகை கட்டுகிறவர்களின் பேச்சு, எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து மேலே வரும். அதற்கு நடுவில் யாராவது படியேறி மூச்சு வாங்க, "மிசியம்மா, வலி எடுத்துருச்சு" என்பார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு மூன்று சக்கர டிரைஷாவில் ஏறிப் போவார். திரும்பி வரும்போது அவரிடம் பிள்ளைக் கதை ஒன்று இருக்கும். ஆணா பெண்ணா என்பதை அவர் கடைசியில்தான் சொல்வார். பிள்ளை எப்படி அழுதது, யார் சீனி போட்டார்கள் என்பதுதான் முதலில் வரும்.

ஒருநாள் கேட்டேன். "ஏன்மா, அவங்க வந்து ஊட்டணுமா? சீனி டப்பா அங்கதானே இருக்கு, நீங்களே எடுத்துப் போட்டுக்கலாம்லா?"

"இந்தக் கையாலே நானே அள்ளித் தின்னா அது கூலி பாப்பா. அவங்க குடுத்தாத்தான் அது இனிப்பு."

என்னை அவர் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். எனக்குக் கோபம் வந்தாலும் பாப்பாதான்.

தமிழ் வீடு மட்டுமில்லை. பக்கத்துச் சந்தில் சீன வீடுகளுக்கும் போவார். அங்கே சிவப்புச் சாயம் பூசிய முட்டையும், இஞ்சியும் கரும்புச் சீனியும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரும் கொடுப்பார்கள். மலாய் வீட்டில் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். எந்த வீட்டிலும், எதையும், இவர் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. வயிறு நிறைந்திருந்தாலும், உடம்புக்கு முடியாமல் இருந்தாலும், பிறந்த வீட்டு இனிப்புக்கு முன்னால் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதைத் தட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். அந்த எண்ணத்தை யார் அவருக்குச் சொன்னார்கள் என்று கேட்டால், "யாரு சொல்லணும், அது அப்படித்தான்" என்பார்.

பிறகு அவர் ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பலகைக்கு அந்தப் பக்கம் கூஜா சாயும் சத்தம் எனக்கு இராப்பகலாகக் கேட்டது. ரவிக்கை தோளில் தொங்கியது. நர்ஸ் வேலை பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? ஒருநாள் காலையில் ஒரு பாட்டிலைக் கொடுத்து, "இதுல கொஞ்சம் ஒண்ணுக்குப் புடிச்சுக் குடுங்க" என்றேன். அப்போதெல்லாம் சீனி பார்க்க வழி அதுதான். நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் மாறாமல் இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதற்கு மேல், செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம். அவருடையது கொதித்ததும் நேராகச் செங்கலுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். நிறம் எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"நல்ல கலருதான்லா. காஞ்சிபுரச் சேலைக் கரை மாதிரி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சேலைக் கரையா இது, கால் போகும், கண் போகும், சின்னக் கீறல்கூட ஆறாது என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். முனைக் கடையில் கோப்பி ஓ கோசோங் என்று சொல்லி, சீனி இல்லாத கறுப்புக் கோப்பியை முகம் சுளிக்காமல் குடித்தார். சோறு பாதியாயிற்று. தீபாவளிக்கு வந்த பலகாரத் தட்டை அப்படியே எங்கள் அறைக்குத் தள்ளிவிட்டார். எந்த நோயாளியும் இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கேயாவது ஒரு பிள்ளை பிறந்தால் அடுத்த நாள் குழாயில் பச்சை தெரியும். "போட்டுக்கிட்டீங்களா?" என்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சும்மா பையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வயிற்று வலி வந்தது அதற்கு அப்புறம். ஒரு பிரசவத்தில் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிள்ளையை வாங்கித் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தார் என்று அந்த வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். பித்தப்பையில் கல். எங்கள் வார்டுச் சர்ஜன் ஒரு சீனர், அதிகம் பேச மாட்டார். அறுத்து எடுக்கலாம், ஆனால் முதலில் சீனி இறங்க வேண்டும் என்றார். ஏன் என்று என்னிடம் விளக்கியதை நான் மிசியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கத்தி பட்டாலே உடம்பு பயந்துபோய், உள்ளே சேர்த்து வைத்த சீனியைத் தானாக இரத்தத்தில் கொட்டும். ஏற்கெனவே நிறைந்திருக்கிற இரத்தத்தில் அதுவும் சேர்ந்தால் கிருமிக்குக் கல்யாண விருந்துதான். தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கும்.

சீழ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. டாக்டரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், சந்தையில் பேசுகிற அந்த மலாயில், நேராகவே பேசினார். "ஜங்ஙான் ஆடா நானா, டாக்டர்." சீழ் மட்டும் வந்துவிடக் கூடாது என்று அர்த்தம். டாக்டர் தலையாட்டினார்.

அவருக்கு அது சாவைவிடப் பெரிய பயம். உடம்பில் சீழ்ப் புண் இருக்கிற மருத்துவச்சி பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் போகக் கூடாது. போனால் அந்தக் கிருமி தாய்க்குத் தொற்றி, காய்ச்சல் கண்டு, தொட்டில் இருக்கத் தாய் போய்விடுவாள். அப்படிப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதோடு அப்போது அவர் ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். எங்கள் சந்துக்குப் பின்னால் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் வீட்டு மருமகள் மூன்றாவது தடவையாக முழுகாமல் இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டும் மலாயாவில் குளுவாங்கில் அவள் தாய்வீட்டில் பிறந்து, பிறந்த சில நாளிலேயே போனவை. இந்தத் தடவை இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் மிசியம்மா பிள்ளையைப் புடிக்கணும். வேற யாரையும் நான் நம்பல" என்று சொல்லியிருந்தாள். இவர் சரி என்று சொல்லிவிட்டார். புண் சுத்தமாக ஆறினால் அவளுக்கு மாதம் ஆவதற்குள் எழுந்துவிடலாம். கெட்டால் முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

முன்கூட்டியே வார்டில் சேர்த்து இன்சுலின் போட்டோம். சாப்பாட்டை நானே பக்கத்தில் நின்று அளந்தேன். குழாயில் மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாயிற்று. நீலம் மாறாமல் நின்ற அந்தக் காலையில், குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கட்டிலுக்கு ஓடினேன். நர்ஸ் ஓடக் கூடாது, ஓடினேன். "நாளைக்கு ஆபரேஷன்" என்றேன். அவர் அந்த நீலத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் நடந்ததை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது கனவு போலத்தான் வருகிறது. மழை விட்டிருந்தது. தரைத்தள வார்டின் பெரிய ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. புல்வெளியிலிருந்து ஆவி கிளம்பி, அதில் சாய்ந்த வெயில் பட்டு, வார்டுக்குள்ளேயே மஞ்சளாக ஏதோ மிதந்தது. பார்வையாளர் நேரம். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். நான் மறுகோடியில், அடுத்த ஷிப்டுக்கு வந்த நர்ஸிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினேன். மிசியம்மாவின் ஜன்னலில், வெளியே இருந்து, ஒரு சின்னக் கை கம்பிக்கு நடுவில் நீண்டிருந்தது.

அந்தக் கை போனதும் இன்னொரு கை வந்தது. அப்புறம் இன்னொன்று. வெளியே அப்பன்மார் வரிசையில் நின்று பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். புல்வெளி ஓரமாக டிரைஷாக்கள் நின்றன. மிசியம்மாவை நாளைக்கு அறுக்கப் போகிறார்கள் என்ற சேதி எங்கள் தேக்கா வட்டாரம் முழுக்கப் பரவி, அவர் பிடித்த பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நடக்கிற பிள்ளை, மூக்கு ஒழுகுகிற பிள்ளை, பள்ளிக்கூடச் சட்டை போட்ட பிள்ளை. ஒவ்வொன்றின் விரல் நுனியிலும் சீனி. ஒரு சீனப் பையன் மால்ட் மிட்டாயைக் குச்சியோடு நீட்டினான். ஒரு மலாய்ச் சிறுமி கையில் குலா மலாக்கா வெல்லத்துண்டு. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மிசியம்மா, கண்ணை மூடிக்கொண்டு, வந்த கைக்கெல்லாம் வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் நானும் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு அழகாக எதையும் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னால்தான் புத்தி வந்தது.

"நிறுத்துங்க! யாரைக் கேட்டு இதெல்லாம்? இறக்குங்க பிள்ளைய!"

நான் போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த பிள்ளை அலறி அழுதது. அதைத் தூக்கிப் பிடித்திருந்த டிரைஷாக்காரர் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"என்னா மிசி இப்படிக் கத்துறீங்க? எங்க வீட்ல வந்து ரெண்டு உயிரைப் பிரிச்சுக் குடுத்தவங்க. நாளைக்கு அவங்க உள்ள போயி நல்லபடியா வெளிய வரணும்னு பிள்ளைங்க கையாலே ஒரு வாய் சீனி. இதுல என்னா தப்பு?"

"அவங்களுக்குச் சீனி ஆகாது! தெரியுமா தெரியாதா?"

"ஐயோ, யாரும் சொல்லலையே."

யாரும் சொல்லவில்லைதான். மிசியம்மா தன் நோயை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிறந்த வீட்டில் சீனி போட யோசிப்பார்களே. நான் கிண்ணத்தை எடுத்து அவர் தாடைக்குக் கீழே பிடித்தேன். "துப்புங்க." அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வாயில் இருந்தது கரைந்து முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"எல்லாம் நான் புடிச்சதுங்க பாப்பா. அன்னைக்கு அப்பனும் ஆத்தாளும் குடுத்தாங்க. இன்னைக்கு அதுங்களே கொண்டாந்து குடுக்குதுங்க. எப்படி வேணாங்கிறது?"

ராத்திரிக்குள் குழாய் செங்கல் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. சர்ஜன் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நான் மிசியம்மாவோடு பேசவில்லை. ஊசி போடும்போது மட்டும் "கையைக் குடுங்க" என்றேன்.

தள்ளிப் போட நோய் சம்மதிக்கவில்லை. மறுநாள் மதியம் வலி பிடித்துக்கொண்டது. குளிர் காய்ச்சலில் கட்டில் ஆடியது, கண் மஞ்சளானது. இனிக் காத்திருந்தால் உள்ளேயே வெடித்துவிடும் என்று சர்ஜன் அன்றைக்கே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார். நான் தியேட்டருக்குப் பக்கத்துச் சின்ன அறையில் ஸ்பிரிட் விளக்கோடு நின்றேன். உள்ளே அறுத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வழியாக மூத்திரம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள், நான் கொதிக்க வைத்து நிறத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து இன்சுலினும் சலைனும் ஏற்றுவார்கள். செங்கல் என்றேன். மறுபடி செங்கல் என்றேன். அந்த நீல மருந்தைப் பார்த்து, ஒரே ஒரு தடவை நீலமாகவே இரேன் என்று வேண்டிக்கொண்டேன். கடைசியாக வந்தது ஆரஞ்சு. கொஞ்சம் பரவாயில்லை என்று உள்ளே இருந்து சொன்னார்கள்.

உயிர் தப்பியது. புண் தப்பவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, அவர்தான். கட்டுக்கு மேலே எங்களுக்கு ஒன்றும் தெரியாத நேரத்தில், காலையில் காய்ச்சல் பார்க்கப் போன என் மணிக்கட்டைப் பிடித்தார். "வாசம் வருது பாப்பா" என்றார். கட்டைப் பிரித்தோம். தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது. அந்த வாசத்தை அவர் மூக்கு காய்ச்சல் கண்ட தாய்மாரின் படுக்கைகளில் பார்த்திருக்கிறது. சர்ஜன் இரண்டு தையலைத் திறந்துவிட்டார். தினமும் உள்ளே மருந்துத் துணியைத் திணித்துத் திணித்து எடுக்க வேண்டும். பென்சிலின் ஊசி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டோம். வலித்தாலும் அவர் முனகவில்லை. பிரசவத்தில் கத்துகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து, தான் கத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டிருந்தார் போல.

பால்காரர் வீட்டு மருமகள் வந்தது அந்தச் சமயத்தில்தான். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கையில் ஒரு தூக்கோடு, வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மிசியம்மா அவளைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"கிட்ட வராத!"

அவள் சிரித்தாள். விளையாடுகிறார் என்று நினைத்திருப்பாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தாள்.

"போடி வெளிய! கிட்ட வந்தே, பாத்துக்க! பாப்பா, அவளைப் புடிச்சு வெளிய தள்ளு!"

அவர் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வார்டில் எல்லாக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று. நான் அவள் தோளைப் பிடித்து வெராண்டாவுக்குக் கூட்டிப்போய், புண்ணில் சீழ் இருக்கிறது, உனக்குத் தொற்றக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். "அப்ப எனக்கு யாரு?" என்று கேட்டாள். நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, போய்ச் சேர்ந்துகொள் என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். உள்ளே வந்தால், மிசியம்மா போர்வையை முகத்துக்கு மேலே இழுத்திருந்தார். அது குலுங்கிக்கொண்டிருந்தது. அவரோடு எனக்கிருந்த கோபம் எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து போர்வைக்கு மேலே கையை வைத்துக்கொண்டேன்.

அந்தப் புண் ஆறவே ஆறாதது போல இருந்தது. ஆறும், திறக்கும், மறுபடி ஊறும். மழைக்காலம் வந்துவிட்டது. வெளியே எந்நேரமும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவளுக்கு இப்ப தலை எறங்கியிருக்கும்" என்பார். இன்னொரு நாள், "இன்னைக்கு நாளைக்கு ஆயிரும்" என்பார். கையை மட்டும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வார், எங்கும் போகப் போவதில்லை என்று தெரிந்தும்.

ஒரு மத்தியானம் பால்காரர் மகன், அவள் புருஷன், வந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம், பிள்ளை பால் குடிக்கிறது என்றான். சொல்லிவிட்டு மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தான். நான் உடனே குறுக்கே போய் நின்றேன்.

"கோவிச்சுக்காதீங்க மிசி. ஒரே ஒரு கல்லு சீனி. வீட்ல நாங்க யாரும் இன்னும் வாயில வைக்கல. மிசியம்மா வாயில போட்டப்புறம்தான்னு எங்க அப்பா சொல்லிட்டாரு."

மிசியம்மா என்னை விலகு என்று கையால் காட்டினார். எனக்குத் திக்கென்றது. அவர் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சது யாரு தம்பி?"

"அங்க ஒரு சீன மிசி."

"அப்ப இது என் சீனி இல்ல. கொண்டுபோயி அந்த மிசிக்குக் குடு."

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா. சீனவங்க."

"தெரியாட்டி என்ன? வாயி இருக்குல்ல? போ. சூடு ஆறுறதுக்குள்ள போ."

பொட்டலத்தில் என்ன சூடு இருந்தது என்று தெரியவில்லை. அவன் போனான். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. அவன் மறுநாள் வந்து நடந்ததைச் சொன்னான். அந்தச் சீன மிசி வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தாளாம். மழையில் நனைந்த ஒரு தமிழன் சீனியை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றதும் பயந்துபோனாளாம். இவனுக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்குத் தமிழ் வராது. பிள்ளை இருந்த அறையைக் காட்டினான், சீனியைக் காட்டினான், அவள் வாயைக் காட்டினான். பக்கத்தில் நின்ற மலாய் ஆயா ஏதோ எடுத்துச் சொன்னாளாம்.

மிசியம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வேணாம்னுச்சா?"

"இல்லம்மா. சிரிச்சிட்டு வாங்கிக்கிட்டாங்க."

"வாயிலயா, கையிலயா?"

"வாயிலதாம்மா."

அவர் திரும்பவும் படுத்துக்கொண்டார். "சரி, இனி நீங்க எல்லாரும் சாப்பிடுங்க" என்று அவனை அனுப்பினார். அவன் போன பிறகு எனக்கும் வார்டில் வேலை இருந்தது. புண்ணுக்குக் கட்டு மாற்றலாம் என்று தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். பஞ்சை எடுத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பாப்பா, இனிமே எங்கயாச்சும் எனக்குச் சீனி கொண்டாந்தாங்கன்னா நீயே சொல்லிரு, வேணாம்னு. எனக்குச் சொல்ல வராது."

சொன்னேன். அந்தப் புண் மூடி, அவர் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு டிரைஷாவில் ஏறிய நாளிலிருந்து, எனக்கு லீவு கிடைத்த போதெல்லாம் கூடவே போய், பிள்ளை பிறந்த வீடுகளில் குறுக்கே நின்று அதைச் சொன்னேன். நல்ல நேரத்தில் வாசலில் நின்று வேண்டாம் என்று சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? ராசியில்லாதவள் என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள். என்னை உள்ளே விடாத வீடுகளும் உண்டு. அவர் பிடித்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்களில் சிலர் இப்போதும் ரோட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும். அவர்கள் தம்பி தங்கைகளை எல்லாம் பிடிக்க அவருக்குச் சீழ் படாத கை இருந்தது.